பிறையும் சாமான் சிட்டையும்

ஆடித்தபசுக்கு என்ன சரக்கு எப்போது பிடிக்க வேண்டும் என்று சங்கரன்கோவில் வணிகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடியேற்றத்துக்கு முன்பே தேங்காய், சூடம், சீனி, பொரிகடலை எல்லாம் கடைக்கு வந்துவிடும். தீபாவளிக்குக் கடலை மாவும் எண்ணெயும், பொங்கலுக்குப் பச்சரிசியும் வெல்லமும் என்று நமது பழைய கணக்கு நோட்டே நமக்கு வழிகாட்டி. சென்ற வருடம் இதே வாரத்தில் எத்தனை மூடை போயிற்று என்று புரட்டிப் பார்த்தால் போதும்.

இஸ்லாமியப் பெருமக்களின் பெருநாள் வியாபாரத்துக்கு மட்டும் அந்த நோட்டு கைகொடுப்பதில்லை. கடையநல்லூர், புளியங்குடி, தென்காசி, மேலப்பாளையம் என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களில் நோன்பு மாதம் முழுவதும் நடக்கிற வியாபாரம் சிறியதல்ல. இருந்தும் நம்மில் பலர் 'ரம்ஜான் என்றால் பிரியாணி' என்ற ஒரே எண்ணத்தில் பிரியாணி அரிசியையும் நெய்யையும் வாங்கி அடுக்கிவிட்டு, முதல் நோன்பன்று பாசிப்பருப்பும் வெந்தயமும் கேட்டு வருபவரிடம் 'நாளைக்கு வரும்' என்று சொல்லி அனுப்புகிறோம். பிரியாணி ஒரு நாள் சமையல். அதற்கு முன்னால் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் என்ன சமைக்கிறார்கள், பெருநாளில் என்ன பலகாரம் செய்கிறார்கள், அது ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், சிட்டையைக் கையில் வாங்கும் முன்பே அதில் என்ன இருக்கும் என்று நாம் சொல்லிவிடலாம். இந்த இதழின் வணிகப் பாடம் அதுதான்.

நகரும் மாதம்

இஸ்லாமிய ஆண்டு முழுக்க முழுக்கப் பிறைக் கணக்கு. ஒரு பிறை தெரிந்தது முதல் அடுத்த பிறை தெரியும் வரை ஒரு மாதம். அது 29 நாளாகவும் இருக்கலாம், 30 நாளாகவும் இருக்கலாம். 12 மாதம் கூட்டினால் 354 அல்லது 355 நாள்தான் வரும். நமது பஞ்சாங்கத்திலும் சந்திரனைப் பார்த்துத்தான் பல பண்டிகைகள் வருகின்றன. ஆனால் சூரியக் கணக்கோடு அவ்வப்போது சரிக்கட்டிவிடுவதால் தீபாவளி ஐப்பசியை விட்டு ஓடுவதில்லை. ஹிஜ்ரி ஆண்டில் அந்தச் சரிக்கட்டல் கிடையாது. ஆகவே நோன்பு மாதம் வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் நோன்புப் பெருநாள் 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. இந்த மூன்று தேதிகளைப் பார்த்தாலே நகர்வது தெரியும். 33 ஆண்டுகளில் வெயில், மழை, பனி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாள் வந்து, டிசம்பரில் இன்னொன்றும் வந்தது. 'இந்த வருடத்துக் கணக்கு ஜனவரியிலேயே முடிந்தது' என்று இருந்தவர்கள் டிசம்பரில் விழித்துக்கொண்டு, சேமியாவுக்கும் முந்திரிக்கும் கேட்ட விலை கொடுத்து வாங்கினார்கள். அதே நிலை மறுபடி 2033-ல் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டான 2032-ல் பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து நிற்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, முந்திரி, கிஸ்மிஸ், ஏலம், நெய், தேங்காய் இத்தனையும் இரண்டு பண்டிகைக்கும் பொதுச் சரக்கு. இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் மாறினால் சிட்டையும் மாறும். கோடையில் வரும் நோன்புக்கு நன்னாரி சர்பத், ரோஸ் சர்பத், சப்ஜா விதை, பாதாம் பிசின் எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். புளியங்குடி எலுமிச்சைக்கும் அப்போது மவுசு. நோன்பு மார்கழிக்கும் தைக்கும் நகர்ந்துவிட்டால் சர்பத் பாட்டில்கள் அலமாரியிலேயே தூங்கும். சுக்கும் மிளகும் இஞ்சியும் அந்த இடத்தைப் பிடிக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய விற்பனையைப் பார்த்து சர்பத் வாங்குகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார்.

கஞ்சிச் சாமான்

தமிழ்நாட்டு நோன்புக்கு அடையாளமே கஞ்சிதான். பகல் முழுவதும் தண்ணீர்கூடப் படாத வயிற்றுக்குச் சூரியன் மறைந்ததும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்கு நீர், பிறகு ஒரு குவளைக் கஞ்சி. பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சி, அங்கேயே நோன்பு திறப்பவர்களுக்கும் ஊற்றி, தூக்குச்சட்டி கொண்டு வருகிற பிள்ளைகளுக்கும் ஊற்றிவிடுவார்கள். தூக்குச்சட்டி கொண்டு வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று பல ஊர்களில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கஞ்சியின் ருசிக்காக நோன்பு மாதத்தை எதிர்பார்க்கிற இந்துக் குடும்பங்களை நாம் நன்றாக அறிவோம். நமது குடும்பமும் அதில் ஒன்று.

இதில் சேரும் சாமான்: குருணை என்னும் நொய் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், சீரகம், பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், தக்காளி, பட்டை, கிராம்பு, ஏலம், மல்லி, புதினா, தேங்காய்ப்பால், எண்ணெய் அல்லது நெய். வசதியுள்ள நாளில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் பத்து லிட்டருக்குக் குறையாது. கைப்பக்குவம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வெந்தயம் இல்லாத நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் கிடையாது. வெறும் வயிற்றுச் சூட்டைத் தணிப்பது அதுதான் என்பார்கள். நோன்பு தொடங்கும் வாரத்தில் வெந்தயம் தீர்ந்துபோன பலசரக்குக் கடை, தீபாவளி வாரத்தில் எண்ணெய் தீர்ந்துபோன கடைக்குச் சமம்.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2001-ல் தொடங்கியது. எனவே ஜமாஅத்திலிருந்து வரும் சிட்டையில் கஞ்சிக்கான அரிசி குறைவாகவே இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. பருப்பு, வெந்தயம், மசாலா, பூண்டு, எண்ணெய் இவைதான் கடைக்கு வரும். மொத்தக் கடைக்காரர்கள் கஞ்சி அரிசியை மலைபோல் வாங்கி வைத்து ஏமாறுவது இந்த விவரம் தெரியாததால்தான்.

2020-ல் ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தபோது கஞ்சி வீட்டு அடுப்புக்கு வந்தது. கிலோக் கணக்கில் பருப்பு கேட்ட ஜமாஅத் சிட்டைகள் நின்றுபோய், நூறு கிராம் வெந்தயமும் கால் கிலோ பருப்புமாக வீட்டுச் சிட்டைகள் வந்தன. அந்த வருடம் சில கடைகளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கஞ்சிச் சாமானை ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தார்கள். அந்தப் பழக்கத்தை நாம் விடவில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கும் வீடுகளில் இன்றும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

கஞ்சிக்குத் துணை வடை, பஜ்ஜி, சமோசா, துவையல். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கம் அரிசி மாவில் இறாலோ கறியோ வைத்துச் சுடும் 'வாடா' என்ற பலகாரம் உண்டு. நம் பக்கம் பருப்பு வடைதான். ஆகவே கடலைப் பருப்பும், கடலை மாவும், எண்ணெயும் மாதம் முழுக்க ஓடும். கூட்டம் மாலை நாலு மணிக்கு மேல் வந்து ஆறு மணிக்குள் கலைந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் கடையில் ஒரு ஆள் கூடுதலாக நிற்க வேண்டும். நோன்பாளியை வரிசையில் நிறுத்திவிட்டுச் சில்லறை தேடுவது நன்றாக இராது.

ஃபித்ரா அரிசி

நோன்பு மாதத்தில் நமது தொழிலுக்கு நேர்ச் சோதனை வைப்பது பலகாரமல்ல, ஃபித்ரா என்னும் பெருநாள் தர்மம். வசதியுள்ள ஒவ்வொருவரும் தமக்காகவும் தம் வீட்டிலுள்ள குழந்தை வரை ஒவ்வொரு தலைக்காகவும் ஊரில் வழக்கமாக உண்ணும் தானியத்தை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். பெருநாளன்று எந்த வீட்டு அடுப்பும் அணைந்து கிடக்கக்கூடாது என்பது அதன் நோக்கம். நபிகள் காலத்து 'சாஉ' என்ற முகத்தல் அளவு இதற்குக் கணக்கு. நம் ஊர்களில் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ அரிசி என்று ஜமாஅத்துகள் அறிவிக்கின்றன. சில இடங்களில் அரிசிக்கு ஈடாகப் பணம் வசூலித்து, மொத்தமாக அரிசி வாங்கி வீடு வீடாகப் பங்கிடுகிறார்கள். இந்த மொத்தக் கொள்முதல்தான் நம்மிடம் வருவது.

கெடு கண்டிப்பானது. பெருநாள் தொழுகைக்கு முன்பு அது ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தொழுகைக்குப் பிறகு கொடுத்தால் ஃபித்ரா ஆகாது, சாதாரண தர்மம்தான்.

சில வருடங்களுக்கு முன்பு நாம் இதில் தவறிவிட்டோம். ஒரு ஜமாஅத்துக்கு 25 கிலோ சிப்பம் 40 தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். 1,000 கிலோ, அதாவது 400 தலைக்கான ஃபித்ரா. காலண்டரில் நோன்பு 30 என்று அச்சடித்திருந்ததை நம்பி, முப்பதாம் நோன்பன்று காலையில் அரிசி வந்து இறங்குமாறு ஆலைக்குச் சொல்லியிருந்தோம். இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலையிலேயே பிறை தெரிந்துவிட்டது. இரவு எட்டரை மணிக்கு ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பிறை தெரிஞ்சாச்சு. விடிஞ்சாப் பெருநாள். அரிசியை ஏத்திரலாமா?"

நமக்குப் பேச்சு வரவில்லை. கடையில் இருந்தது ஆறு சிப்பம். "பாய், நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குள்ள வந்திரும்" என்றோம்.

அவர் கோபப்படவில்லை. "தொழுகை எட்டரைக்கு அண்ணாச்சி. அதுக்குப் பிறகு வந்தா நாங்க கொடுக்கிறது ஃபித்ரா இல்லை. எங்களை நம்பி நானூறு பேரு காசைக் கொடுத்திருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆலைக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. நமது தெருவிலேயே இன்னொரு அரிசி மொத்தக் கடை இருக்கிறது. விலை குறைத்து விற்றது சம்பந்தமாக அவருக்கும் நமக்கும் எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. அன்று இரவு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். விஷயத்தைக் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து குடோனைத் திறந்தார். அவரிடம் 22 சிப்பம் கிடைத்தது. மீதி 12 சிப்பத்துக்கு இன்னும் இரண்டு கடைகளைத் திறக்கச் செய்தோம். ரகம் ஒன்றாக இல்லை. ஒரு வீட்டுக்கு நல்ல அரிசியும் அடுத்த வீட்டுக்கு மட்டமான அரிசியும் போகக்கூடாது என்று பெரியவர் சொன்னதால், குறைந்த ரகத்தை ஒதுக்கிவிட்டு விலை கூடுதலான ரகத்தை எடுத்து, வித்தியாசத்தை நமது கணக்கில் எழுதிக்கொண்டோம். கடைசிச் சிப்பத்தை ஏற்றும்போது இரவு பன்னிரண்டரை. பள்ளிவாசல் இளைஞர்கள் விடிய விடியப் பங்கு வைத்தார்கள். மறு வாரம் மூன்று கடைக்காரர்களுக்கும் சிப்பத்துக்குச் சிப்பம் திருப்பிக் கொடுத்தோம். எதிர்க்கடைக்காரர் வித்தியாசப் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நமது கடையில் ஃபித்ரா அரிசி இருபத்தேழாம் நோன்புக்கே இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தால் கிடக்கட்டும்.

பிறை விஷயத்தில் இன்னும் ஒன்று. தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்பைப் பின்பற்றுவோர் பெரும்பான்மை. வேறு கணக்கைப் பின்பற்றி ஒரு நாள் முன்னதாகப் பெருநாள் கொண்டாடுவோரும் நம் பகுதி ஊர்களில் உண்டு. கேரளத்தில் தனியே அறிவிக்கிறார்கள். 2024-ல் அங்கே ஏப்ரல் 10, இங்கே ஏப்ரல் 11. செங்கோட்டை எல்லையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. முதல் நாள் கூட்டம் ஓய்ந்ததும் சரக்கு முடிந்தது என்று கடையைச் சாத்தக்கூடாது. எந்த நாள் சரி என்ற விவாதத்தில் கல்லாவில் இருப்பவர் வாய் வைக்கவும் கூடாது.

கடற்பாசியும் பேரீச்சையும்

நோன்பு மாதத்தில் அதிகம் கேட்கப்படும் சிறு சரக்கு சைனா கிராஸ் என்று நாம் சொல்லும் கடற்பாசி. பாலிலோ இளநீரிலோ காய்ச்சி, சீனி சேர்த்து, தட்டில் ஊற்றி ஆறவைத்துத் துண்டு போடுவார்கள். பெயரில் சீனா இருந்தாலும், மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து மதுரைப் பக்கத்து ஆலைகளிலும் இது தயாராகிறது. பத்து கிராம் இருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை உறையும்.

இதற்குப் பதிலாக ஜெலட்டின் தூளைக் கொடுக்கும் தவறு சில கடைகளில் நடக்கிறது. வேண்டுமென்று செய்வதைவிட, 'இரண்டும் உறையவைக்கத்தானே' என்ற அறியாமையால் செய்வதே அதிகம். இரண்டும் ஒன்றல்ல. கடற்பாசி தாவர வகை. ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. எந்த விலங்கு, எப்படி அறுத்தது என்று தெரியாத ஜெலட்டினை நோன்பாளி தொடமாட்டார். சைவ உணவுக்காரரும் தொடமாட்டார். அடையாளம் எளிது. கடற்பாசிப் பொட்டலத்தில் பச்சை வட்டக் குறி இருக்கும். ஜெலட்டினில் பழுப்பு முக்கோணக் குறி இருக்கும். செய்து பார்த்தும் அறியலாம். கடற்பாசி குளிர்பெட்டி இல்லாமலேயே உறையும், வெயில் சூட்டிலும் உருகாது. ஜெலட்டின் குளிர்பெட்டியில்தான் உறையும், வெளியே வைத்தால் இளகிவிடும். ஜெல்லித் தூள், எசன்ஸ் பாட்டில் வாங்குகிறவர் 'இதில் என்ன கலந்திருக்கு' என்று கேட்டால் லேபிளைத் திருப்பிக் காட்டிவிடுவதே நல்லது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். 'ஒண்ணும் இல்லம்மா, தாராளமாச் சாப்பிடலாம்' என்று உறுதி கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பேரீச்சையில் காய்ந்த ரகம், அரை ஈர ரகம், மென்மையான ஈர ரகம் என்று பல உண்டு. ஈராக்கிலிருந்து வரும் ஜஹிதி போன்ற அரை உலர் ரகம் சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் தாங்கும். ஈரானிலிருந்து கிமியா என்ற பெயரில் வரும் கறுத்த மென்மையான பழம் குளிரில் இருக்க வேண்டியது. கோடை நோன்பில் அதைக் கடை முகப்பில் அடுக்கி வைத்தால் நாலே நாளில் புளித்துவிடும். அஜ்வாவுக்கும் மெட்ஜூலுக்கும் நல்ல விலை உண்டு, ஆனால் வாங்குகிறவர் சிலர். சிறு கடைக்காரர் அதில் பணத்தை முடக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலுக்குத் தினமும் பழம் கொடுக்கிற புண்ணியவான்கள் அரை உலர் ரகத்தைத்தான் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள்.

ஒரே பெருநாள், பல அடுப்பு

பெருநாள் காலையில் நம் பகுதி வீடுகளில் இனிப்பு என்றால் பெரும்பாலும் சேமியாப் பாயசம். பிறகு இட்லி, இடியாப்பம், ரொட்டி இவற்றோடு கறிக்குழம்பு. மதியம் பிரியாணி அல்லது நெய்ச்சோறு. சங்கரன்கோவில் பிரியாணியின் பெயர் ஊருக்கு வெளியிலும் பரவியிருப்பதால் அதைப்பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வடக்கே பாசுமதி. நம் பக்கத்து வீடுகளில் இன்னும் சீரகச்சம்பாவுக்கே மதிப்பு, அதுவும் பழைய அரிசியாக இருக்க வேண்டும். புது அரிசியைப் பழையது என்று கொடுத்தால் பெருநாளன்று மதியம் அந்த வீட்டுப் பிரியாணி குழைந்து போகும். அடுத்த பெருநாளுக்கு அவர்கள் சிட்டை வேறு கடைக்குப் போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற உருது பேசும் மக்கள் வாழும் ஊர்களில் பாயசத்தின் இடத்தில் ஷீர் குருமா இருக்கும். ஷீர் என்றால் பாரசீகத்தில் பால், குருமா என்றால் பேரீச்சை. நமது காய்கறிக் குருமாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மெல்லிய சேமியா, பால், காய்ந்த பேரீச்சை, பாதாம், பிஸ்தா, சாரைப்பருப்பு இவை அதன் சாமான்.

கடற்கரைக்குப் போனால் சிட்டை வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முட்டை, தேங்காய்ப்பால், சீனி அல்லது கருப்பட்டி, ஏலம் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பம். இலங்கையில் இதையே கித்துள் கருப்பட்டியில் செய்கிறார்கள். கீழக்கரையின் தொதல், அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பலகாரம் இதே பெயரில் இருக்கிறது. பெருநாளுக்குக் கருப்பட்டி வாங்குகிறவர் சீனி கலக்காததைத்தான் கேட்பார். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி நமக்கு எட்டாத தூரமல்ல. கலப்படக் கருப்பட்டியில் தொதல் கிண்டினால் பதம் வராமல் போவதோடு, பத்துத் தேங்காயும் அரை நாள் உழைப்பும் வீண்.

கடல் கடந்த ருசியும் இப்போது சிட்டையில் வருகிறது. கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூரில் தங்களுக்கென்று 1941-லேயே ஒரு முஸ்லிம் லீக் சங்கம் கண்டவர்கள். அங்கிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள் புதுப் பெயர்களைச் சொல்லிச் சாமான் கேட்பார்கள். மலாய் நாடுகளில் தென்னங்குருத்தோலையைக் கூடாகப் பின்னி அதற்குள் அரிசியை வேகவைக்கும் கெத்துப்பாட் பெருநாளின் அடையாளம். எகிப்தில் கஹ்க் என்ற நெய் பிஸ்கட், ஈராக்கில் பேரீச்சை வைத்துச் சுருட்டிய கிளேச்சா, சிரியாவிலும் லெபனானிலும் ரவையில் செய்து உள்ளே பேரீச்சையோ பிஸ்தாவோ வைக்கும் மஅமூல். துருக்கியில் நோன்புப் பெருநாளுக்கு வழக்கப் பெயரே சர்க்கரைப் பெருநாள். வீடு வீடாக வரும் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். மொரோக்கோவில் நோன்பு திறக்க நம் கஞ்சியைப் போலவே ஹரீரா என்ற சூப் உண்டு. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, தக்காளி, மல்லி எல்லாம் அதில் சேரும்.

ஒரு பலகாரம் ஊர் ஊராகப் பயணம் போவதற்கு ஹரீஸ் நல்ல உதாரணம். அரபு நாட்டில் கோதுமையையும் இறைச்சியையும் சேர்த்துக் குழைய வேகவைப்பது. மலபாரில் அது அலீசா. ஐதராபாத்தில் பருப்பும் மசாலாவும் நெய்யும் சேர்ந்து ஹலீம் ஆகி, 2010-ல் புவிசார் குறியீடும் பெற்றது. கடைக்காரர் கண்ணுக்கு இவை எல்லாமே உடைத்த கோதுமை. நல்ல சம்பா கோதுமை ரவை கடையில் இருந்தால் மூன்று பெயருக்கும் அது போதும். மஅமூலுக்கு ரவையும் நெய்யும், கஹ்க்குக்கு மைதாவும் எள்ளும் என்று எல்லாம் நமது அலமாரியில் ஏற்கனவே இருப்பவைதான். பெயரைக் கேட்டு மிரண்டு 'அதெல்லாம் இங்கே கிடைக்காது' என்று சொல்லாமல், 'அதில் என்ன போடுவீங்க?' என்று கேளுங்கள்.

செய்கிற வீடும் செய்யாத வீடும்

பராத் இரவுக்கு அரிசி ரொட்டி, மௌலூதுக்கு நெய்ச்சோறு, பொட்டல்புதூர் போன்ற தர்காக்களின் கந்தூரிக்குச் சீனியும் பொரிகடலையும் நேர்ச்சைச் சாமானும் வாங்குவது பழைய பழக்கம். பொட்டல்புதூருக்கு இந்துக்களும் நேர்ச்சை கொண்டு போகிறார்கள். ஆனால் இவை மார்க்கத்தில் இல்லை என்று விட்டுவிட்ட குடும்பங்களும் இன்று நிறைய. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு நிலைகளும் இருக்கும். 'போன வருஷம் ரொட்டிக்கு மாவு வாங்கினீங்களே, இந்த வருஷம் இல்லையா?' என்று நாலு பேர் முன்னால் கேட்பது வியாபாரம் ஆகாது. இந்த நாட்களுக்குச் சரக்கை அளவாகவே பிடிக்க வேண்டும்.

கடன் எழுதுவதிலும் ஒரு கவனம். பெருநாளுக்குப் பற்று வைத்து அடுத்த மாதம் தீர்ப்பவர்கள் உண்டு. வட்டி என்ற பெயரில் ஒரு ரூபாய் சேர்த்து எழுதினாலும் மார்க்கப்பற்றுள்ளவர் அந்தச் சிட்டையை ஏற்கமாட்டார். விலையை முதலிலேயே பேசி முடித்து, அந்தத் தொகையை மட்டும் எழுத வேண்டும்.

பக்ரீத்

ஹஜ்ஜுப் பெருநாளில் நமக்கு ஒரு வசதி. அது துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள். பிறை தெரிந்த அன்றே பத்து நாளைக்கு முன்னதாகத் தேதி உறுதியாகிவிடும். ஃபித்ராவும் இல்லை, இரவோடு இரவாக ஓடவும் வேண்டாம். இறைச்சியை மூன்று பங்காக்கி, வீட்டுக்கு ஒன்று, உறவினருக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று கொடுப்பது வழக்கம். அதனால் அன்று ஊரில் இறைச்சி கிடைக்காத வீடு குறைவு, மசாலா தேவைப்படாத வீடும் குறைவு. மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு, எண்ணெய். பெருநாள் முடிந்து மூன்று நான்கு நாள் வரை இந்த விற்பனை நீடிக்கும். உப்புக்கண்டம் போடுகிற வீடுகளுக்குக் கல்லுப்பும் மஞ்சள்தூளும் கூடுதலாகப் போகும்.

பங்கு கொடுத்தனுப்ப முன்பெல்லாம் பிளாஸ்டிக் பை கட்டுக்கட்டாக விற்றோம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்னும் கல்லாவுக்கு அடியில் வைத்துக் கொடுப்பவர்கள் அபராதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பனையோலைப் பெட்டி முடைகிறவர்கள் நமது சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் பக்ரீத்துக்கு நாலு நாள் முன்பு போய்க் கேட்டால் ஐம்பது பெட்டிகூடக் கிடைக்காது. ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்தால், ஒரு கிலோ பிடிக்கிற அளவில், உள்ளே வாழையிலை வைத்துக் கொடுக்கும்படி முடைந்து தருகிறார்கள்.